குடமிளகாயில் மண்

என் தங்கச்சியை விவசாயிகள் சந்தையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் கொண்டுவந்த கேரட் சுத்தமாக இருந்ததுதான் குற்றம்.

போனில் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதக்கா. பேட்ஜைக் கழட்டி வாங்கிட்டாங்க."

"எதுக்குடி?"

"கேரட் பளபளன்னு இருக்குதாம். பீட்ரூட்ல மண்ணே இல்லையாம். விவசாயி கொண்டுவந்தா இப்படி இருக்காதாம். நான் எங்கயோ மொத்தமா வாங்கிட்டு வந்து விக்கிறேனாம்."

"நீயா?"

"நானேதான். இவரு கையை விரிச்சுக் காட்டினாரு, பாருங்க, மண்வெட்டி பிடிச்சுக் காய்ப்பு காய்ச்சிருக்குன்னு. ஜிம்முக்குப் போறவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னுட்டாங்க."

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடப்பது. தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, வண்டிகளை மறித்து, நடுவில் மேசை போடுவார்கள். விளைவித்தவர்தான் விற்க வேண்டும், இடைத்தரகருக்கு இடமில்லை என்பது சட்டம். அதற்கு அத்தாட்சியாக 'நானே விளைவித்தது' என்று எழுதிய வட்டமான பச்சை பேட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்வார்கள். தங்கச்சியும் அவள் புருஷனும் ஊருக்கு வெளியே குத்தகைக்கு நிலம் எடுத்ததே இந்தச் சந்தையை நம்பித்தான். கொஞ்ச நிலம், கொஞ்ச விளைச்சல். நாலு கூடைக் காயை மொத்த மார்க்கெட்டில் சீந்துவார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விற்றால் அந்த வாரம் ஓடும். விற்காவிட்டால் கீரை மாட்டுக்கு, பீன்ஸ் குப்பைக்கு, வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரன் வாசலுக்கு.

எங்கள் அப்பா பருப்பு மொத்த வியாபாரி. எங்கள் தெருவில் பேச்சு வந்த பிள்ளை 'அம்மா' என்பதற்கு அடுத்து 'கட்டுப்படியாகாது' என்று சொல்லும். அப்பா விலையில் இரக்கமே காட்ட மாட்டார். ஆனால் பருப்பில் கல் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. முறத்தை வாங்கித் தானே உட்கார்ந்து பொறுக்குவார். அவருடைய வாய் எனக்கு வந்தது, கை தங்கச்சிக்குப் போனது. காயைப் பறித்ததும் பம்ப்செட் தொட்டியில் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல இடுக்கு இடுக்காகத் தேய்த்து, உதறி, ஈரத்துணி போர்த்திக் கொண்டுவருவாள். அந்தப் பழக்கத்துக்குத்தான் பேட்ஜைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

சந்தைக் கமிட்டித் தலைவிக்குப் போன் போட்டேன். குரல் தேன்.

"மேடம், உங்க சிஸ்டரைத் தனிப்பட்ட முறையில நாங்க எதுவும் சொல்லல. எங்க கஸ்டமர்ஸ் மண்ணோட ஒரு தொடர்பை எதிர்பார்க்கிறாங்க."

"மண்ணோட தொடர்பு வேணும்னா செருப்பைக் கழட்டிட்டு நடக்கச் சொல்லுங்க. கேரட்டை ஏன் இழுக்குறீங்க?"

"அடுத்த ஞாயிறு காலைல கமிட்டி உட்காருது. உங்க தரப்பைச் சொல்லலாம்."

"நேரா தோட்டத்துக்கு வந்து பாருங்களேன். செடி பொய் சொல்லாதே."

"விசிட் ப்ரோக்ராம் இருக்கு மேடம். அந்தப் பக்கம் மண் ரோடுன்னு சொல்றாங்க. எங்க வண்டி கொஞ்சம் தாழ்வானது."

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். "இவங்களுக்கு மண்ணு தட்டுல வேணுமாம், டயர்ல வேணாமாம்!" அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கடையில் விலை பேசத் தொடங்கினால், பக்கத்துக் கடையில் எதையோ வாங்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் மனிதர் அவர்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், வழி என்ன என்று யோசித்தேன். வியாபாரி வீட்டுப் புத்தி குறுக்கு வழியைத்தான் முதலில் காட்டும். தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"பேசாம இந்தத் தடவை கழுவாமக் கொண்டுபோயேன்டி. கேட்கிறவன் கேட்கிறதைக் குடுத்துட்டுப் போ."

"மண்ணோட நிறுத்தா, மண்ணுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கணும்?"

"விலையைக் கொஞ்சம் குறைச்சுக்கோ."

"யாரு பேசுறது? இது எங்கக்கா வாய்தானா?"

"சரி, குறைக்காத."

"அக்கா, கீரையை மண்ணோட குடுத்தா வீட்டுல நாலு தண்ணி அலசணும். எனக்குத் தொட்டியில தண்ணி ஓடிட்டே இருக்கு. மூணாவது மாடிக்குக் குடத்துல தூக்குறவ எந்தத் தண்ணியில அலசுவா? அதை நான் அலசிக் குடுத்தா தப்பா?"

"தப்பில்லடி."

"அப்ப எனக்கு மண்ணு பூசச் சொல்லாத. வேற இடம் இருந்தா பாரு. பீன்ஸ் பறிக்கிற பதத்துக்கு வந்தாச்சு. ஞாயித்துக்கிழமையைத் தாண்டினா முத்திடும்."

அதனால்தான் அந்த வாரம் முழுக்க நானும் வீட்டுக்காரரும் ஊரிலுள்ள சந்தைகளையெல்லாம் சுற்றினோம். இத்தனை வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். இத்தனை விவசாயிகள் இந்த ஊருக்குள்ளேயே, இஸ்திரி போட்ட சட்டையில் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலாவது, பூங்காவுக்குள் மாலையில் கூடும் சந்தை. ஒவ்வொரு மேசையிலும் கரும்பலகை. ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸில் விலை. எல்லாப் பலகையிலும் ஒரே கையெழுத்து! ஒரு மேசையில் வெண்டைக்காய் கட்டைவிரல் தடிமனில் கிடந்தது. நுனியை ஒடித்துப் பார்த்தேன், ஒடியவில்லை, நார்போல வளைந்தது.

"தம்பி, இது முத்திப்போச்சே."

"அது எங்க பாரம்பரிய ரகம் மேடம். அதோட கதை என்னன்னா..."

"கதையை வேகவச்சா சாப்பிட முடியுமா?"

வீட்டுக்காரர் உடனே பக்கத்து மேசையில் சோப்பு பார்க்கப் போய்விட்டார். இங்கே ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டேன். காத்திருப்போர் வரிசை ரொம்ப நீளமாம். வரிசையில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் மெழுகுவர்த்தி செய்கிறவர்களாம்.

இரண்டாவது, ஒரு கட்டடத்தின் கார் நிறுத்தும் மொட்டை மாடி. அங்கிருந்த இளைஞன் மரியாதையான பையன். தங்கச்சியின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டான். விளம்பரத்துக்கு வேண்டுமாம். போனில் இருந்த ஒன்றைக் காட்டினேன். சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது, நல்ல பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அவன் உதட்டைப் பிதுக்கினான். "இவங்களைப் பார்த்தா விவசாயி மாதிரி ஃபீல் வரலையே."

"கல்யாணத்துக்கு மண்வெட்டியோடவாப்பா போவாங்க?"

"கொஞ்சம் வெயில்ல நின்னு, வேர்வையோட ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன்."

படியிறங்கும்போது, "உங்க ஆபீஸ்ல உங்களை வேலைக்கு எடுக்கும்போது தூங்குமூஞ்சியா ஒரு போட்டோ கேட்டாங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "என்னை ஏன்டி இழுக்குற," என்றார். வேறு யாரும் கைக்கு எட்டவில்லை.

வந்ததற்குக் கொஞ்சம் கறியாவது வாங்கிப்போகலாம் என்று அதே கட்டடத்தின் கீழே இருந்த கறிக்கடைக்குள் நுழைந்தோம். நகைக்கடை என்று நினைத்துத் திரும்பப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு. கறுப்புக் கல்லின்மேல் துண்டு துண்டாகக் கறி, ஒன்றோடொன்று ஒட்டாமல், பெண் பார்க்க வந்தவர்கள்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு மயிர் இல்லை. வாசனைகூட எலுமிச்சை வாசனை.

"இந்த ஆடு மலைச்சரிவுல சுதந்திரமாத் திரிஞ்சது மேடம்," என்றான் தோல் ஏப்ரன் கட்டியவன்.

"இப்ப அதுக்கு அதனால என்ன பிரயோஜனம்? எலும்போட அரைக் கிலோ போடு. சின்னதா வெட்டிக் குடு."

"நாங்க இங்க வெட்ட மாட்டோம் மேடம். துண்டு எல்லாம் ஏற்கெனவே டிசைன் பண்ணினது."

கறிக்கடையில் கத்தி இல்லை! வெளியே வந்து நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மேல்மாடியில் காய் வாங்கின அதே பைகள் கீழே இறங்கி இங்கே கறி வாங்கிக்கொண்டிருந்தன. ஒரே பை. அதற்குள் கேரட் மண்ணோடு போகிறது. கறி மட்டும் பட்டுத்துணியில் சுற்றினாற்போலப் போகிறது. மண்ணுக்குள் விளைந்தது அழுக்கோடு வேண்டும், கழுத்தறுத்தது அறுத்த சுவடே தெரியாமல் வேண்டும். இந்த ஜனங்களுக்கு என்னதான் வேண்டும்?

கடைசி முயற்சியாக வெள்ளிக்கிழமை விடியற்காலை மொத்த மார்க்கெட்டுக்குப் போனேன். அது நான் அறிந்த உலகம். கத்தல், சுமை, வழுக்கும் தரை, யாரும் யாரையும் மேடம் என்று கூப்பிடாத நிம்மதி. நாலு கூடையா என்று கேட்டு ஒரு மண்டிக்காரர் கொட்டாவி விட்டார். "நாலு லாரின்னா வாங்கம்மா."

திரும்பும்போதுதான் அவரைப் பார்த்தேன். தங்கச்சிக்குப் பக்கத்து மேசையில் விற்கிறவர். சந்தையில் பெரிய ஓலைத் தொப்பி வைத்திருப்பார். கழுத்தில் துண்டு. 'மண்வாசனைப் பண்ணை' என்று பலகை. அவர் மேசையில்தான் கூட்டம் அம்மும். இங்கே தொப்பி இல்லாமல், செருப்புக் கடைக்காரர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, கேரட் மூட்டையை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். மெஷினில் கழுவின கேரட். பக்கத்தில் பெட்டி பெட்டியாகத் தக்காளி, குடமிளகாய்.

"என்னங்க, உங்க பண்ணை நல்லா நடக்குதா?" என்றேன்.

திருதிருவென்று விழிப்பார் என்று நினைத்தேன். அந்த ஆள் பல்லைக் காட்டினார்.

"வாங்கக்கா. இதான் நம்ம பண்ணை. பாசன வசதி கொஞ்சம் கம்மி."

"வெட்கமா இல்ல?"

"எதுக்கு? ஆரம்பத்துல நான் இப்படியே கழுவினதைத்தான் கொண்டுபோனேன். ஒரு நாய் திரும்பிப் பாக்கல. ஒருநாள் வழியில மூட்டை சகதியில விழுந்துபோச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல, அப்படியே மேசையில கொட்டினேன். அரை மணியில காலி. அன்னைக்கே அந்தத் தலைவியம்மா வந்து கையைக் குலுக்கி, பேட்ஜைக் குத்திவிட்டுட்டுப் போச்சு. நான் என்ன பண்றது சொல்லுங்க. கேக்குறாங்க, பூசுறேன்."

"சரி. கேரட்டுக்குப் பூசுறீங்க. குடமிளகாய்ல ஏன் மண்ணு? முன்னாடி ஒரு தடவை சந்தைக்கு வந்தப்ப பார்த்தேனே. அது எந்த ஊர்ல மண்ணுக்கு அடியில காய்க்குது?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. என் மச்சானை உதவிக்கு வச்சேன். மாமா மண்ணு பூசச் சொன்னாருன்னு எல்லாத்துக்கும் பூசிட்டான். தக்காளி, குடமிளகாய், எலுமிச்சம்பழம் வரைக்கும். எனக்கு உயிரே போச்சு. பார்த்தா, ஒருத்தர் கேட்கணுமே! இப்ப அந்தக் குடமிளகாய்தான் முதல்ல தீருது."

"எலுமிச்சம்பழம்?"

"அது மட்டும் ஒரு சின்னக் குழந்தை கேட்டுச்சு. அதோட நிறுத்திட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க தங்கச்சி நல்ல பொண்ணுக்கா. பாவமா இருக்கு. வேணும்னா நானே மண்ணு தர்றேன். சலிச்ச மண்ணு. கல்லு இருக்காது."

இந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. வாங்குகிறவன் எதைப் பார்த்து ஏமாறுகிறான் என்று தெரிந்து வைத்திருக்கும் ஆளை எங்கள் தெருவில் யாரும் திருடன் என்று சொன்னதில்லை, கெட்டிக்காரன் என்று பெண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். நான் கொதித்ததெல்லாம் எலுமிச்சம்பழத்தில் மண்ணைப் பார்த்த பிறகும் அவர் பேட்ஜைக் கழட்டாதவர்களை நினைத்துத்தான்.

சனிக்கிழமை சாயந்திரம், சந்தைத் தெருவை ஒட்டின சந்தில் இருக்கும் பழைய கறிக்கடைக்குப் போனேன். வெள்ளை ஓடு பதித்த சுவர், மரக்கட்டை, கத்தி உள்ள கடை. கடைக்காரர் இரட்டை நாடி ஆள். வெட்டும்போது மட்டும் கை பூ கட்டுவதுபோல வரும். ஒரு பக்கத்தில் நீளமான கல் மேடையும் ஓயாமல் ஓடும் குழாயும் உண்டு. எனக்கு முன்னால் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? தலைவியேதான். தேன் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன்.

"அந்த ஜவ்வை எடுத்துடுங்க. கொழுப்பு வேண்டாம். இன்னொரு தடவை கழுவுங்களேன். இதோ, இங்க ஒரு சொட்டு ரத்தம். எனக்கு ரத்தம் பார்த்தா ஆகாது."

கடைக்காரர் மூன்றாவது தடவையும் கழுவினார். அந்தம்மா துணிப்பையில் வாங்கிக்கொண்டு, விரலை விரித்துப் பிடித்தபடி போனார்.

"இவங்கதானேண்ணே எங்க தங்கச்சியைத் துரத்தினது? கேரட் சுத்தமா இருக்குதுன்னு?" என்றேன்.

கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முழுக் கதையையும் சொன்னேன். குடமிளகாய் வந்த இடத்தில் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லவேளைம்மா, நான் அந்தச் சந்தைக் கயித்துக்கு இந்தப் பக்கம் இருக்கேன். அந்தப் பக்கம் இருந்தா கோழியை இறகோட, குடலோட, கூவக் கூவக் குடுக்கணும்."

"சிரிக்காதீங்கண்ணே. நாளைக்கு அவ பறிச்சுட்டு வர்றா. எங்க கொண்டு கொட்டுறதுன்னு தெரியல."

"கமிட்டி நியாயமாத்தான் சொல்லும்னு நம்புறீங்களா?"

"நம்பல. ஆனா சண்டை போடாம விட மாட்டேன்."

"உங்க சண்டையைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஞாயித்துக்கிழமை கடையை விட்டு என்னால நகர முடியாது," என்று சொல்லி எலும்பைப் போட்டு வெட்டத் தொடங்கினார்.

ஞாயிறு காலை தங்கச்சியின் பழைய வேன் சந்துமுனையில் நின்றது. பின்கதவைத் திறந்தால் ஈரத்துணிக்கு அடியில் பீன்ஸ், கீரைக்கட்டு, கேரட், பீட்ரூட். எல்லாம் அன்று பறித்தது, அன்று கழுவினது. அவள் புருஷன் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். கை விரித்துக் காட்டி அவமானப்பட்டது அவருக்கு ஆறவில்லை. நாங்கள் இருவரும் ஒரு கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினோம்.

கமிட்டி என்பது ஒரு குடை, அதன் கீழே ஒரு மேசை, தலைவி, காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர். அவர்கள் அன்று முழுக்க வாயைத் திறந்தது காபிக்கு மட்டும்தான்.

"இதைப் பாருங்கம்மா. வேரைப் பாருங்க. வெட்டின காம்பு இன்னும் வாடல," என்றாள் தங்கச்சி மெதுவாக.

"அழகா இருக்கு. அதான் பிரச்சினையே," என்றார் தலைவி. "கஸ்டமர் பார்த்தவுடனே நம்பணும்மா. இது சூப்பர் மார்க்கெட் மாதிரி இருக்கு."

நான் கையை நீட்டி, நாலு மேசை தள்ளி இருந்த மண்வாசனைப் பண்ணையைக் காட்டினேன். "அது நம்புற மாதிரி இருக்கா?"

"அவர்தான் எங்க மாடல் ஃபார்மர்."

"அவர் மேசையில குடமிளகாய் மேல மண்ணு இருக்கு பாருங்க. தக்காளி மேல மண்ணு இருக்கு. செடியில தொங்குற காய்ல எப்படிங்க மண்ணு வரும்? நீங்க ஒரு தடவைகூட யோசிக்கலையா?"

சுற்றி நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி முகத்தில் முதல் தடவையாக ஒரு சின்னச் சந்தேகம் ஓடியது. தொப்பிக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பணிவே உருவாக வந்தார்.

"குடமிளகாய்ல மண்ணு எப்படி வந்ததுன்னு கேக்குறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். மார்க்கெட்டில் பார்த்த அதே கண்தான். ஒரு விநாடி தயங்கினார். பிழைப்பு ஜெயித்தது.

"மழை பெய்யும்போது தெறிக்குங்கம்மா."

"மழையா? எங்க பெய்ஞ்சது? மண்டியில குடை பிடிச்சுட்டா நின்னோம்?" என்று கத்தினேன். "வெள்ளிக்கிழமை இந்த ஆளு மொத்த மார்க்கெட்ல மூட்டை ஏத்துறதை என் கண்ணால பார்த்தேன்!"

"மேடம், குரலைக் குறைங்க. பொறாமையில ஒருத்தர்மேல ஒருத்தர் குற்றம் சொன்னா நாங்க என்ன செய்யறது? மழை தெறிச்சதுன்னு சொல்றார். இயற்கைதானே அது."

"அப்ப இன்னைக்கே ரெண்டு தோட்டத்தையும் போய்ப் பாருங்க. வேன் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்."

தலைவி தன் வெள்ளைச் செருப்பைக் குனிந்து பார்த்தார். நான் அதைப் பார்த்ததையும் பார்த்தார்.

"நேத்து சாயந்திரம் கறிக்கடையில மூணு தடவை கழுவச் சொன்னீங்களே! ஒரு சொட்டு ரத்தம் ஆகாதுன்னீங்களே! அந்த ஆடு உண்மையான ஆடுன்னு எப்படி நம்பினீங்க?"

"அது வேற, இது வேற," என்றார் அவர். குரலில் இருந்த தேன் தீர்ந்துவிட்டது. காபி குடித்தவர்களைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியிடம் திரும்பினார். "இதோ பாரும்மா, உன் வயித்துல அடிக்க எங்களுக்கு ஆசையில்ல. ஒண்ணு பண்ணு. கழுவாமக் கொண்டுவா. இன்னைக்கே, இதோ இந்தப் பூந்தொட்டி மண்ணையாவது லேசாப் போட்டு வச்சுக்கோ. பேட்ஜை இப்பவே தர்றேன்."

பேட்ஜை மேசைமேல் வைத்தார். நான் தங்கச்சியைப் பார்த்தேன். வேனில் கிடக்கும் கீரையைத்தான் அவள் நினைக்கிறாள் என்று தெரிந்தது. பேட்ஜைத் தொட்டாள். தொட்டு, ஒரு விரலால் அதைத் திரும்பத் தலைவி பக்கமே தள்ளினாள்.

"அம்மா, மண்ணு வேணும்னா தோட்டத்துக்கு வாங்க. சாக்குல அள்ளித் தர்றேன், காசு வேணாம். தின்னுற பொருள்ல போட்டு உங்களுக்கு விக்க எனக்கு வராது."

கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினேன். அந்த இரண்டு வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் அப்போது ஒரு தேன்குப்பியின் லேபிளை உருகி உருகிப் படித்துக்கொண்டிருந்தார்.

சந்துக்குள் திரும்பியதும் தங்கச்சி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அழவில்லை. மூச்சு வாங்கினாள்.

"வீம்பு பண்ணிட்டேனாக்கா?"

"நான் பண்ணியிருந்தா வீம்பு. நீ பண்ணினது வேற."

"வேற என்னவா இருந்தாலும் கீரை வாடும்."

கறிக்கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை வரிசை சந்து நீளத்துக்கு நின்றது. வெட்டி முடிகிறவரை செய்ய வேலையில்லாமல், ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, போனைத் தடவிக்கொண்டு நிற்கிற ஜனம். உள்ளேயிருந்து கடைக்காரர் கத்தியோடு எட்டிப்பார்த்தார்.

"என்னம்மா, சண்டை முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?"

"பூந்தொட்டி மண்ணைப் போட்டா இடமாம்ணே."

அவர் சிரிக்கவில்லை. தங்கச்சியின் கூடையைப் பார்த்தார். ஒரு கேரட்டை எடுத்து, தன் சட்டையில் ஈரத்தைத் துடைத்து, நறுக்கென்று கடித்தார். மென்றுகொண்டே பேசினார்.

"அந்தக் கல் மேடை காலியா இருக்கு. குழாய் பக்கத்துலயே இருக்கு. எல்லாத்தையும் இங்க இறக்குங்க. என்கிட்ட வர்றவங்களுக்குச் சுத்தமா இருந்தாத்தான் பிடிக்கும், இல்லேன்னா என்னை உரிச்சிடுவாங்க."

"வாடகை என்னண்ணே?" என்று என் வாய் தானாகக் கேட்டது. தங்கச்சி என் இடுப்பில் இடித்தாள்.

"வரிசையில நிக்கிறவங்க என்னை 'சீக்கிரம், சீக்கிரம்'னு பிடுங்காம இருந்தா அதுவே போதும்."

அவள் புருஷன் வேனிலிருந்து இறங்கிவந்தார். கூடைகள் சந்தில் ஏறி இறங்கின. வெள்ளை ஓட்டுச் சுவருக்கு முன்னால், குழாய்த் தண்ணீர் தெறிக்கும் மேடையில் கீரைக்கட்டுகளை அவள் அடுக்கினபோது, வரிசையின் தலை முதலில் திரும்பியது, பிறகு இடுப்பு, பிறகு கால். ஓர் அம்மா பீன்ஸை ஒடித்துப் பார்த்தாள். சடக்கென்று ஒடிந்தது. "இன்னைக்குப் பறிச்சதா?" என்றாள். "காலைலங்க." "அப்ப அரைக் கிலோ போடு, கறி வெட்டி முடியறதுக்குள்ள." அவளுக்குப் பின்னால் இருந்தவர் அவள் வாங்கியதைப் பார்த்து வாங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர், தீர்ந்துவிடுமோ என்று பயந்து வாங்கினார்.

சந்தின் அந்த முனையில் கயிற்றுக்கு அப்பால் ஓலைத்தொப்பி தெரிந்தது. அதைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. ஒருத்தி மண் அப்பின குடமிளகாய் ஒன்றை முகத்தருகே பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்த ஆளின் நெஞ்சில் பச்சை பேட்ஜ் வெயிலில் மின்னியது. 'நானே விளைவித்தது'!

"பாருடி, பாருடி! மாடல் ஃபார்மராம்! மண்டியில மூட்டை தூக்கின பயலுக்குப் பேட்ஜு, உனக்குக் கறிக்கடைச் சந்து. இதைச் சும்மா விடலாமா? நான் இப்பவே போய் அந்தத் தொப்பியைக் கழட்டி..."

"அக்கா."

"என்னடி அக்கா? அவங்க செருப்பைப் பார்த்தியா, வெள்ளைச் செருப்பு! அதைப் போட்டுக்கிட்டு மண்ணைப் பத்திப் பேசுறாங்க!"

"அக்கா, அப்புறமாக் கோவப்படலாம். பையைப் பிடி."

அவள் இரண்டு கையிலும் கீரை. எதிரே ஒரு பெரியவர் பையின் வாயை விரிக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். பின்னால் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்டார்கள். உள்ளே கத்தி கட்டையில் விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடச் சொல்லிக் கடைக்காரர் அங்கிருந்தே கத்தினார். தங்கச்சி நிமிராமலே தலையாட்டினாள்.

பையைப் பிடித்தேன். கோபம் எங்கேயும் போகவில்லை, இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது. ஆனால் கீரை அன்று பகலுக்குள் தீர வேண்டியிருந்தது.

"என்னம்மா, கொஞ்சம் குறைச்சுப் போடக் கூடாதா?" என்று பெரியவர் தங்கச்சியிடம் இழுத்தார்.

நான் திரும்பினேன்.

"கட்டுப்படியாகாது," என்றேன்.